வேட்டைநாயும் அடுத்தவர் நிலமும்: எல்லை மீறாமல் வேட்டைக்குப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குளிர்காலக் காலையில் என் நாய் முயல் தடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டது. நான் மூச்சு வாங்க அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வைக்கோல் கட்டும் கயிற்றால் தூணில் கட்டப்பட்டு, ஒரு சட்டித் தண்ணீருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. நிலத்துக்கார அம்மா என்னைத் திட்டவில்லை. "ஈத்துக்கு நிக்கிற ஆடு இருக்கு. நேத்து ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா எல்லாத்தையும் உள்ளே அடைச்சிருப்பேனே" என்று மட்டும் சொன்னார்.

அன்று ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஒரு போனைச் செய்யாமல் விட்டது என் தவறு. நாய் வேலியைத் தாண்டுமா தாண்டாதா என்பது, அதை எங்கே, எப்போது, யாரிடம் சொல்லிவிட்டு அவிழ்த்துவிடுகிறோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி நாயை அவிழ்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியதுதான்.

படி 1: உங்கள் இடத்தில் அனுமதி உண்டா என்று பாருங்கள்

நாயோடு வேட்டையாடுவது சில நாடுகளில் சட்டப்படி செல்லும், சில நாடுகளில் செல்லாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். விரட்டிப் பிடிப்பதும் துரத்துவதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004இல் இயற்றப்பட்ட சட்டம் 2005 பிப்ரவரி முதல் காட்டுப் பாலூட்டிகளை நாய் விட்டு வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. முயல்களில் ரேபிட் (rabbit) எனப்படும் குழிமுயலுக்கும், எலிக்கும் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கும் உங்கள் சொந்த நிலத்திலோ, நிலத்துக்காரர் அனுமதித்த நிலத்திலோ மட்டுமே செல்லும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1990இலிருந்து மான் வேட்டைக்கு நாயைப் பயன்படுத்தக் கூடாது. பக்கத்து மாநிலங்கள் சிலவற்றில் அதே வேட்டை அனுமதியோடு நடக்கிறது.

எந்த விலங்கு, எந்தப் பருவம், எத்தனை நாய், எந்த ஆயுதம், ஞாயிற்றுக்கிழமை போகலாமா, இரவில் போகலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி இருக்கும். அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை உரிமம் வாங்கும்போதே வாங்கிப் படித்துவிடுங்கள். போன வருட விதியை நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

படி 2: எல்லையைக் கால் நடந்து பாருங்கள்

நிலத்தின் எல்லை எங்கே என்று கேட்டால் பெரும்பாலானோர் வேலியைக் காட்டுவார்கள். வேலி எல்லையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மாடு ஆடு வெளியே போகாமலிருக்கப் போட்ட வேலி, ஓடையையும் பாறையையும் சுற்றி வசதிக்கு ஏற்றபடி வளைந்து போயிருக்கும். உண்மையான எல்லை அளவைக் கல்லிலும் வரைபடத்திலும் இருக்கிறது.

செல்போனில் நில எல்லைகளைக் கோடு போட்டுக் காட்டும் செயலிகள் பெரிய உதவி. ஆனால் அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் செல்போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் பள்ளத்தாக்கிலும் இன்னும் மோசம். வரைபடத்திலேயே கோடு சற்று நகர்ந்திருக்கவும் கூடும். அதனால் திரையில் தெரியும் கோட்டுக்கு உட்புறமாக நானாகவே ஒரு இடைவெளி வைத்துக்கொள்கிறேன். கோட்டின் மேலேயே நிற்பதில்லை.

வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன், நாயும் துப்பாக்கியும் இல்லாமல், முடிந்தால் நிலத்துக்காரரையே கூட அழைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்துவிடுங்கள். ஒரு மணி நேர நடையில் பல விஷயங்கள் தெரியும்: வேலி எங்கே கிழிந்திருக்கிறது, நாய் நுழையக்கூடிய நீர்வழிக் குழாய் எங்கே இருக்கிறது, அந்தப் பக்கம் ஆடு மேய்கிறதா, கோழி வளர்க்கிறார்களா, சின்னப் பிள்ளைகள் விளையாடும் முற்றம் இருக்கிறதா. இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

அடையாளங்களையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு இருந்தால், 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகைக்கு அது சமம். டெக்சாஸ் விதிப்படி அந்தக் கோடு நேர்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் கொண்டிருக்க வேண்டும், அதன் அடிமுனை தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். பலகையைப் பிடுங்கி எறியலாம், வண்ணத்தை அப்படி எறிய முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. பலகையும் இல்லை, வண்ணமும் இல்லை என்றால் உள்ளே போகலாம் என்று அர்த்தமல்ல.

படி 3: அனுமதி கேட்பது

பருவம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே போங்கள். பகல் நேரத்தில், சாதாரண உடையில், வண்டியை வழி மறிக்காமல் நிறுத்திவிட்டு, தனியாகவோ இருவராகவோ போங்கள். ஐந்தாறு பேர் வேட்டை உடுப்போடு, வண்டியில் நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கப் போய் நின்றால், யாருக்கும் முதலில் பயம்தான் வரும்.

யாரிடம் கேட்பது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். நிலம் ஒருவருடையதாக இருக்கும். பயிர் செய்கிறவர் குத்தகைக்காரராக இருப்பார். வேட்டை உரிமை மூன்றாவதாக ஒரு குழுவிடம் இருக்கும். மூவரில் ஒருவர் 'சரி' என்றால் மற்ற இருவருக்கும் அது பொருந்தாது. குத்தகைக்காரரைத் தவறாமல் பாருங்கள். நாய் பயிரில் ஓடினால் நஷ்டம் அவருக்குத்தான்.

வாய்மொழி அனுமதி நட்புக்குப் போதும், ஆனால் காகிதத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது. அரைப் பக்கம் போதும்: எந்த நிலம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் யார் வருவார்கள், எத்தனை நாய், வண்டி எதுவரை வரலாம், எந்த இடத்துக்குப் போகக் கூடாது, நாய் அல்லது துப்பாக்கியால் சேதம் வந்தால் யார் பொறுப்பு. 'நாயோடு' என்ற சொல் அதில் தெளிவாக இருக்க வேண்டும். வேட்டைக்கு அனுமதி கொடுத்தவர் நாய்க்கூட்டத்தை மனதில் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அனுமதியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேளுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். காரணம் கேட்டு நிற்க வேண்டாம்.

படி 4: சுற்றியுள்ள எல்லோரிடமும் பேசுங்கள்

எனக்கு இதுதான் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியம். வேட்டையாடும் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்பவர்கள் உண்டு. அந்த நிலத்தைச் சுற்றியுள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்பவர்கள் மிகக் குறைவு. தகராறு வருவதோ அந்தச் சுற்றியுள்ளவர்களோடுதான்.

நிலத்தைச் சுற்றி எத்தனை பக்கத்து நிலங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் நிலத்தில் வேட்டையாடக் கேட்கவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு மூன்று கேள்விகள் போதும்: கால்நடை எங்கே மேய்கிறது, ஈனும் காலம் எப்போது? நிலத்தில் கண்ணி, பொறி, மின்வேலி, விஷத் தீனி எதுவும் வைத்திருக்கிறீர்களா? என் நாய் உள்ளே வந்துவிட்டால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், நான் உள்ளே வந்து பிடித்துக்கொள்ளலாமா, நீங்கள் கூட வருவீர்களா?

வேட்டைக்கு முந்தின மாலை அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். நான் அனுப்புவது இவ்வளவுதான்: "வணக்கம். நாளை காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை உங்கள் வடக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் நான்கு நாய்களோடு இருப்போம். எல்லா நாய்க்கும் ஆரஞ்சு நிறப் பட்டை இருக்கும். ஏதாவது நாய் உங்கள் பக்கம் வந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள். நாளை வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், வேறு நாள் பார்த்துக்கொள்கிறோம்." கடைசி வாக்கியத்தை உண்மையிலேயே கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் போகக் கூடாது.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் நாயைக் கண்டு ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று வேட்டைக்காரர்களுக்குப் புரிவதில்லை. சினை ஆட்டை நாய் கடிக்கவே வேண்டாம். துரத்தினாலே குட்டி கலைந்துவிடலாம். மாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தின் வழியாக மேய்ச்சல் நிலத்திலும் தீவனத்திலும் கலந்து, மாடுகளுக்குச் சினைச் சிதைவை உண்டாக்கும். அதனால் வேட்டைநாய்க்குப் பச்சைக் குடலும் ஈரலும் போடுவதை நிறுத்துங்கள். குடற்புழு மருந்து நியோஸ்போராவைத் தடுக்காது, ஆனால் மற்ற புழுக்களுக்காக அதையும் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். நாய் கழித்ததை மேய்ச்சல் நிலத்திலிருந்து அள்ளி எடுத்துவிடுங்கள். "என் நாய்க்குப் போன மாதம்தான் பூச்சி மருந்து கொடுத்தேன்" என்று ஒரு மாட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

படி 5: நிலத்தின் அளவும் நாயின் வேகமும்

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 1,000 ஏக்கர் என்றால் பெரிய நிலமாகத் தோன்றும். சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் சுமார் 2 கிலோமீட்டர். நடுவில் நின்று நாயை அவிழ்த்தால் மிக அருகிலுள்ள எல்லை 1 கிலோமீட்டர் தூரத்தில். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய்க்கு அது 3 நிமிடம். 100 ஏக்கர் நிலம் என்றால் நடுவிலிருந்து எல்லைக்குச் சுமார் 320 மீட்டர்தான். ஒரு நிமிடத்துக்குள் நாய் வெளியே போய்விடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2003இல் மான் வேட்டை நாய்களுக்கு இடத்தோடு சேர்த்து உரிமம் கொண்டுவந்தபோது, குத்தகை நிலமாக இருந்தால் தொடர்ச்சியாக 1,000 ஏக்கரும், சொந்த நிலமாக இருந்தால் 250 ஏக்கரும் வேண்டும் என்று வைத்தது. அந்த எண்களுக்குப் பின்னாலும் இதே போன்ற கணக்கு இருக்கலாம்.

எந்த விலங்கு என்பதும் எல்லையைத் தீர்மானிக்கும். பருத்திவால் முயலைத் துரத்தினால் அது தனக்குத் தெரிந்த சிறிய வட்டாரத்தை விட்டு வெளியே போக விரும்பாது. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். குட்டைக் காலோடு மெதுவாகத் தடம் பிடிக்கும் பீகிள் நாய்க்கு அதனால்தான் சிறிய நிலமே போதும். மானோ நரியோ அப்படியில்லை, கிலோமீட்டர் கணக்கில் போகும். பறவை வேட்டைக்கான பாயிண்டர், ரெட்ரீவர் நாய்கள் பெரும்பாலும் ஆளைச் சுற்றியே வேலை செய்வதால் கையில் அடங்கும். உங்கள் நிலம் 80 ஏக்கர்தான் என்றால் மான் துரத்தும் கூட்டத்தை அங்கே அவிழ்க்காதீர்கள். நிலத்துக்கு ஏற்ற நாயும் நாய்க்கு ஏற்ற இரையும் இல்லாவிட்டால், கீழே சொல்லப்போகும் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

படி 6: திரும்பி வரப் பழக்குவது

தடத்தில் சூடேறிய நாய்க்குக் காது கேட்காது என்பார்கள். அரைப்பங்கு உண்மை. அந்தச் சூட்டிலும் திரும்ப வைக்கும் பழக்கத்தை மாதக்கணக்கில் ஊட்டியிருக்க வேண்டும்.

குட்டியாக இருக்கும்போதே ஒரே ஒரு ஒலியைத் தேர்ந்தெடுங்கள்: கொம்பு, விசில், அல்லது கழுத்துப்பட்டைக் கருவியின் (காலரின்) பீப் ஒலி. சாப்பாட்டுத் தட்டு கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒலி. பிறகு 10 அல்லது 15 மீட்டர் கயிற்றில் கட்டி, திறந்த வெளியில் அதே ஒலி. வந்ததும் இறைச்சித் துண்டு. அடுத்து வாசனை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒலி. கயிறு இல்லாமல் பத்துக்குப் பத்து தடவை திரும்பினால்தான் எல்லைக்கு அருகே கொண்டுபோகலாம். வந்த நாயை, தாமதமாக வந்தது என்று ஒருபோதும் அடிக்காதீர்கள். வந்ததற்காக அடி வாங்கிய நாய் அடுத்த முறை வராது.

ஆடு மாடு கோழியைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளவும் தனியாகப் பழக்க வேண்டும். கால்நடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் உதவியோடு, வாரில் பிடித்தபடி, தூரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல நெருங்குங்கள். நாயின் உடல் விறைக்கும் கணத்திலேயே திருப்பி நடத்திவிட வேண்டும். இந்தப் பழக்கம் வராத நாயை மேய்ச்சல் நிலத்துக்குப் பக்கத்தில் அவிழ்க்கவே கூடாது. பல நாடுகளில் கால்நடையைத் துரத்தும் நாயைச் சில சூழ்நிலைகளில் நிலத்துக்காரர் சுடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

படி 7: கழுத்துப்பட்டை

ஒவ்வொரு நாய்க்கும் பெயர்த் தகடு வேண்டும், அதில் இப்போது நீங்கள் எடுக்கும் செல்போன் எண் இருக்க வேண்டும். தொங்கும் தகடு புதரில் மாட்டிக் கழன்றுவிடும். பட்டையோடு ஆணியடித்த தட்டைத் தகடே நல்லது. மைக்ரோசிப்பும் வையுங்கள்.

ஜிபிஎஸ் காலர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். நல்ல காலர்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை நாயின் இடத்தைக் கைக்கருவிக்கு அனுப்பும். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் தடையில்லாத நேர்ப்பார்வைக்கு உரியது. மலையும் அடர்காடும் அதைப் பல மடங்கு குறைத்துவிடும். கைக்கருவியில் எல்லைக்கோட்டை வரைந்து, அதற்கு 200 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கை ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேலேயே வைத்தால், ஒலி கேட்கும்போது நாய் அந்தப் பக்கம் இருக்கும். ஒரு நாட்டில் வாங்கிய காலரை இன்னொரு நாட்டில் பயன்படுத்துவதற்கு முன் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்காவுக்கான காலரின் அலைவரிசை ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டதல்ல.

படி 8: அவிழ்க்கும் காலை

முதலில் காற்று. நாய் மோப்பத்தால் நடக்கிறது. மோப்பம் காற்றோடு வருகிறது. பக்கத்து நிலத்திலிருந்து உங்கள் பக்கம் காற்றடித்தால், அங்கே மேயும் விலங்கின் வாசனை நாயை நேராக வேலிக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் கால்நடை உள்ள எல்லைப் பக்கம் முதுகைக் காட்டி, உங்கள் நிலத்தின் உட்புறத்திலிருந்து காற்று முகத்தில் படும்படி நின்று அவிழ்த்துவிடுங்கள். ஒரு சிட்டிகை சாம்பலையோ மாவையோ தூவிப் பார்த்தால் காற்றின் போக்கு தெரிந்துவிடும். நடுவில் காற்று திரும்பினால் நாய்களைக் கூப்பிட்டுப் பிடித்து இடத்தை மாற்றுங்கள்.

துப்பாக்கியோடு நிற்பவர்களை இரை வரும் வழியில் நிறுத்துகிறோம் அல்லவா? அதே அக்கறையோடு துப்பாக்கி இல்லாத ஒருவரை, வாரும் தண்ணீரும் கொஞ்சம் இறைச்சியும் கொடுத்து, எல்லையோரம் நிறுத்துங்கள். நாயைப் பிடிப்பது மட்டுமே அவர் வேலை. இளம் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். நிலத்துக்காரர் வந்தால் நிதானமாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சாலையோரத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருப்பதை விட்டுவிடுங்கள். பல இடங்களில் சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்கேயோ சுடுவது குற்றம். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். திறந்திருந்த கேட்டை நல்லது என்று நினைத்து மூடினால் மாடு தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியாமல் தவிக்கும்.

படி 9: நாய் தாண்டிவிட்டால்

எல்லாம் செய்தும் சில நாள் தாண்டும். அப்போது என்ன உரிமை இருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மான் வேட்டையின்போது வேறு நிலத்தில் தொடங்கிய துரத்தல் தடைசெய்யப்பட்ட நிலத்துக்குள் போய்விட்டால், நாயைப் பிடிக்க மட்டும் பின்தொடரலாம். துப்பாக்கியோ வில்லோ எடுத்துப் போகக் கூடாது, அனுமதி இல்லாமல் வண்டி கூடாது, நிலத்துக்காரர் கேட்டால் யார் என்று சொல்ல வேண்டும். பிரான்சில், தன் எஜமானின் நிலத்தில் எழுப்பிய இரையைத் துரத்திக்கொண்டு நாய் அடுத்த நிலத்தைக் கடந்து போவது குற்றமாகக் கருதப்படாமல் போகலாம். சேதத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு. ஜெர்மனியில் காயம்பட்ட விலங்கு அடுத்த வேட்டை வட்டாரத்துக்குள் போய்விட்டால், அந்த வட்டாரக்காரரோடு எழுத்து மூலமான உடன்பாடு இருந்தால்தான் பின்தொடரலாம் என்கிறது கூட்டாட்சி வேட்டைச் சட்டம்.

இங்கிலாந்தில் 1985இல் வந்த ஒரு தீர்ப்பு படிக்க வேண்டியது. எக்ஸ்மூர் பகுதியில் மான்களின் புகலிடமாக ஓர் அமைப்பு வாங்கி வைத்திருந்த நிலங்களுக்குள் வேட்டைநாய்கள் நுழைந்தன. நாய்கள் நுழைய வேண்டும் என்று எஜமான் எண்ணியிருந்தாலும் சரி, நுழையும் அபாயம் தெரிந்தும் அலட்சியத்தால் தடுக்காமல் விட்டாலும் சரி, அது அவரது அத்துமீறலே என்றது நீதிமன்றம். 'நாய்தானே போச்சு, நான் போகலையே' என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

எங்கே இருந்தாலும் நான் செய்வது ஒன்றுதான். முதலில் போன். உரிமை இருந்தாலும் போன். எடுக்காவிட்டால் செய்தி அனுப்பிவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொம்பு ஊதிக் கூப்பிடுகிறேன். உள்ளே போக அனுமதி கிடைத்தால் துப்பாக்கியைக் காலி செய்து வண்டியில் பூட்டுகிறேன். வாரை மட்டும் கையில், வெளியே தெரியும்படி எடுத்துக்கொண்டு, ஆரஞ்சு உடுப்போடு, ஒரே ஆளாக, பயிரை மிதிக்காமல் வரப்போரம் நடக்கிறேன். நாயைப் பிடித்ததும் வந்த வழியே திரும்பி, வெளியே வந்துவிட்டேன் என்று இன்னொரு செய்தி. நாய் அங்கே ஒரு விலங்கை மறித்துக் குரைத்துக்கொண்டிருந்தாலும் அது எனக்கு உரியதல்ல. நாயை மட்டும் அழைத்து வருகிறேன். கண்ணியில் மாட்டியிருந்தால் விடுவிப்பதோடு சரி, கண்ணியை உடைப்பதில்லை.

போன் எண் இல்லை, யார் நிலம் என்றும் தெரியவில்லை, உள்ளே போகச் சட்டமும் இடம் தரவில்லை என்றால், அந்தப் பகுதி வேட்டை அதிகாரியைக் கூப்பிடுங்கள். நேரமாகும். வேலியைத் தாண்டாமல் காத்திருங்கள்.

இருட்டியும் நாய் வரவில்லை என்றால், அவிழ்த்த இடத்தில் நீங்கள் அன்று போட்டிருந்த சட்டையையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்துவிட்டு வாருங்கள். வழி தவறிய நாய் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அந்த வாசனையில் சுருண்டு படுத்திருப்பதை விடியற்காலையில் பார்த்திருக்கிறேன்.

படி 10: சேதம் நேர்ந்தால்

அதே நாளில், நேரில், நீங்களே போய்ச் சொல்லுங்கள். கிழிந்த வேலியை அன்றே கட்டுங்கள். ஆடு அடிபட்டிருந்தால் கால்நடை மருத்துவரை அழைத்து வந்து, செலவை நீங்களே கொடுங்கள். இறந்திருந்தால் விலையை அவர் சொல்லட்டும். குட்டியோடிருந்த ஆட்டுக்கு ஒற்றை ஆட்டு விலை பேசாதீர்கள். அந்த நாயைப் பிறகு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்த அம்மாவின் எண் இப்போது என் போனில் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் ஆடுகள் எப்போது ஈனும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்கிறேன். அந்த வாரங்களில் அவர் நிலத்தை ஒட்டிய பக்கம் நாய்களை அவிழ்ப்பதில்லை. போன வருடம் அவரே கூப்பிட்டு, கிழக்கு மூலையில் வேலிக் கம்பி ஒன்று தளர்ந்திருக்கிறது, நாய் நுழைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவருமாக இழுத்துக் கட்டிவிடலாம் என்றார். போய்க் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.